சென்டினல் என்றால் காவலாளியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்திகளையும் மருத்துவத் துண்டறிக்கைகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் தொழில். அந்தமான் தீவு செய்தியில் அடிபடும்போதும், யாராவது புற்றுநோய் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும்போதும், கல்லூரிப் பிள்ளைகள் புரோகிராமிங் தேர்வுக்குப் படிக்கும்போதும், "சென்டினல்" என்ற ஒரே சொல்லைப் பற்றிய ஐயங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

சென்டினல்னா என்ன சார்? வாட்ச்மேன்னு சொன்னா போதாதா?

ஓரிடத்தில் நின்று, கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டு, ஆபத்து நெருங்குவதற்கு முன்பே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவிப்பவர்தான் சென்டினல். படைமுகாமின் விளிம்பில் இரவில் நிற்கும் வீரரைக் குறிக்கத்தான் இச்சொல் முதலில் வழங்கியது.

நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் மோட்டார் போடுகிறார், கூரியர் வாங்கி வைக்கிறார், வருகிற வண்டியின் எண்ணை நோட்டில் எழுதுகிறார், தெரியாதவர்களைத் தடுத்து நிறுத்துகிறார். இவற்றில் எதுவுமே சென்டினலின் வேலையன்று. இரவு இரண்டு மணிக்குப் பின்பக்கச் சுவரருகே சருகு மிதிபடும் ஓசை கேட்டுத் தலையைத் திருப்பி, "யாரது?" என்று குரல் கொடுக்கிறாரே, அந்தக் கணத்தில் மட்டும் அவர் சென்டினல். தடுப்பது பிறகு வரும் வேலை. முதலில் அறிவதும் உடனே அறிவிப்பதுமே இச்சொல்லின் உயிர். கீழே வரும் பல பதில்கள் இதைத்தான் திரும்பத் தொடும்.

எப்படிச் சொல்வது, எப்படி எழுதுவது?

முதல் அசையை அழுத்தி, மற்ற இரண்டையும் லேசாக விட்டுவிட வேண்டும். ஆங்கில எழுத்தில் முடிவு ஈ, எல். பலரும் எழுதுவதுபோல ஏ, எல் அன்று. தமிழில் "சென்டினல்", "சென்டினெல்" இரண்டும் அச்சில் காணப்படுகின்றன. நான் முதல் வடிவத்தையே பின்பற்றுகிறேன்.

இது லத்தீன் சொல்தானே? ரோமானியப் படையில் இருந்து வந்ததுதானே?

இல்லை. ரோமானியர்களிடம் இரவுக் காவல் முறை மிகக் கண்டிப்பாக இருந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் அந்தக் காவலரை "விகில்" என்றும், வெளிக்காவலை "எக்ஸ்குபியே" என்றும் குறித்தார்கள். அகஸ்டஸ் கி.பி. 6-இல் ரோம் நகரின் தீயணைப்புக்கும் இரவுக் காவலுக்கும் ஏற்படுத்திய ஏழு பிரிவுகளுக்கும் "விகிலெஸ்" என்றுதான் பெயர்.

சென்டினல் ஆங்கிலத்துக்கு வந்தது 1570-களில், பிரெஞ்சின் "சென்டினெல்" வழியாக. பிரெஞ்சுக்கு அது இத்தாலியனின் "சென்டினெல்லா"விலிருந்து வந்தது. 1494 முதல் 1559 வரை இத்தாலிய மண்ணில் நடந்த போர்களில் பிரெஞ்சுப் படைகள் நிலம் பிடித்தனவோ இல்லையோ, சொற்களை அள்ளிக்கொண்டு திரும்பின. கர்னல், கார்ப்பொரல், இன்ஃபன்ட்ரி, பட்டாலியன் என்று இன்று நாம் பேசும் படைச் சொற்களில் பல இத்தாலியனில் பிறந்து பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தவை. சென்டினலும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

சரி, இத்தாலியனுக்கு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலான சொற்பிறப்பியலாளர்கள் "சென்டிரே" என்ற வினைச்சொல்லைக் காட்டுகிறார்கள். லத்தீனில் இதற்கு உணர்தல் என்பது பொருள். இத்தாலியனில் உணர்தல், முகர்தல் என்பவற்றோடு கேட்டல் என்ற பொருளும் உண்டு, தொலைபேசியில் "கேட்கிறதா?" என்பதற்கு இத்தாலியர்கள் இன்றும் இந்த வினையைத்தான் பயன்படுத்துகிறார்கள். இருட்டில் நிற்கும் காவலருக்குக் கண்ணைவிடக் காதுதான் துணை என்பதை எண்ணினால், காவலரைக் "கேட்பவர்" என்று அழைத்தது மிகப் பொருத்தமாகவே படுகிறது.

இதற்கு மாற்றாக வேறு இரு கருத்துகளும் உண்டு. காவலர் நடந்து நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒன்று. கப்பலின் அடித்தளத்தில் கசிவு நீர் தேங்கும் இடத்தைக் குறிக்கும் "சென்டினா" என்ற சொல்லோடு இணைப்பது மற்றொன்று. சொல் இத்தாலியனிலிருந்து பிரெஞ்சுக்குப் போயிருக்க, வேரைப் பிரெஞ்சில் தேடும் முதல் கருத்து எனக்கு வலுவாகத் தோன்றவில்லை. அகராதிகள் "இருக்கலாம்" என்ற சொல்லோடு சென்டிரேயைத் தருகின்றன. நானும் அந்த "இருக்கலாம்" என்பதை நீக்காமலே சொல்கிறேன்.

அப்போ சென்டிமென்ட், சென்ஸ், சென்ட் எல்லாம் சொந்தக்காரங்களா?

முந்தைய பதிலில் சொன்ன சென்டிரே வேர் சரியானால், ஆம். சென்ஸ், சென்டிமென்ட், கன்சென்ட், சென்டென்ஸ் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை.

"சென்ட்" என்பதில் மட்டும் கவனம் வேண்டும். தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரியும் மூன்று ஆங்கிலச் சொற்கள் அதற்குள் இருக்கின்றன. கல்யாணத்துக்குப் போகும்போது சட்டையில் அடித்துக்கொள்ளும் சென்ட், முகர்தல் என்ற பொருளின் வழியே சென்டிரேயின் பிள்ளை. ஐந்து சென்ட் மனை வாங்கினேன் என்னும்போது வரும் சென்ட், ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. அது நூறைக் குறிக்கும் லத்தீன் "கென்டும்" வழி வந்தது. கடிதம் அனுப்பியாயிற்று என்பதைச் சொல்லும் சென்ட், ஆங்கிலத்துக்கே உரிய பழைய ஜெர்மானியச் சொல். "காவலுக்கு அனுப்பப்பட்டவர், அதனால் சென்டினல்" என்று ஒரு ஆசிரியர் வகுப்பில் விளக்கியதாக ஒரு மாணவி எழுதியிருந்தார். நினைவில் வைக்க எளிதான விளக்கம், ஆனால் தவறானது.

பழைய நூல்களில் முதல் எழுத்து "சி"யாக இருக்கிறதே? செஞ்சூரியனோடு தொடர்பு உண்டா?

தொடர்பு இல்லை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் "எஸ்"ஸுக்குப் பதில் "சி" போட்டு எழுதுவது பரவலாக இருந்தது. 1784-இல் பாஸ்டனில் தொடங்கிய "மாசச்சூசெட்ஸ் சென்டினல்" பத்திரிகையின் பெயரும், 1787-88-இல் அமெரிக்க அரசமைப்பை எதிர்த்துப் பிலடெல்பியாவில் சாமுவேல் பிரயன் எழுதிய கட்டுரைகளின் புனைபெயரும் இப்படித்தான் அச்சாயின. ஸ்பானிய மொழியில் இன்றும் "சி"தான்.

செஞ்சூரியன் என்பவர் நூற்றுவர் தலைவர். மேலே சொன்ன நிலத்துச் சென்ட்டின் உறவினர். எழுத்துக்கூட்டல் ஒன்றுபோல இருந்ததால்தான் இந்த மயக்கம். வாசனைச் சென்ட்டுக்கும் இடையில் ஒரு "சி" பதினேழாம் நூற்றாண்டில் காரணமே இல்லாமல் வந்து ஒட்டிக்கொண்டது. அது போகாமல் நின்றுவிட்டது. சென்டினலுக்கு வந்தது போய்விட்டது.

சென்ட்ரியும் சென்டினலும் ஒன்றா?

பொருளில் ஏறத்தாழ ஒன்று; புழக்கத்தில் வேறு. சென்ட்ரி என்பது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. சென்டினலின் ஒரு திரிந்த வடிவத்தைச் சுருக்கியதாகவோ, அடைக்கலம் தரும் இடத்தைக் குறிக்கும் "சாங்சுவரி"யின் மருவலாகவோ அதைக் கருதுகிறார்கள். இன்று பணியில் நிற்கும் மனிதரை மட்டும் சென்ட்ரி என்பார்கள். மலை, பத்திரிகை, உடலுறுப்பு, விலங்கு என்று உருவகமாக நீளும்போது சென்டினல்தான் வரும். இந்திய ராணுவச் சட்டம், 1950 சென்ட்ரி என்கிறது. அமெரிக்கப் படைச் சட்டம் சென்டினல் என்கிறது.

நம் ஊர்க் காவல் நிலையங்களில் இதற்குப் "பாரா" என்று பெயர். "இன்றைக்கு எனக்குப் பாரா" என்று காவலர் சொன்னால், துப்பாக்கியோடு வாசலில் நிற்கும் முறை அவருக்கு என்று பொருள். இந்துஸ்தானியின் "பஹ்ரா" தமிழில் பாராவாயிற்று. பஹ்ராவின் மூலம் வடமொழியின் "பிரஹர". மூன்று மணி நேரம் கொண்ட காலப் பகுதி அது, அதாவது நம் யாமம். நேரத்தின் பெயர் அந்த நேரத்தில் விழித்திருப்பவரின் வேலைக்குப் பெயராகிவிட்டது.

கார்டு, வார்டன், வாட்ச்மேன், விஜிலன்ஸ்: இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

கார்டும் வார்டும் ஒரே ஜெர்மானிய வேரின் இரு உருவங்கள். வட பிரெஞ்சு வட்டாரத்தில் "வ" என்று ஒலித்தது, பாரிஸ் பக்கம் "க" என்றாயிற்று. ஆங்கிலம் இரண்டையும் வாங்கிக்கொண்டது. வார்டனும் கார்டியனும் அப்படி அமைந்த இணைகள்தாம். மிக்ஸி வாங்கும்போது "வாரன்டியா, கேரன்டியா?" என்று கடைக்காரரிடம் மல்லுக்கட்டுகிறோமே, அந்த இரண்டும்கூட வேரில் ஒன்றே. இந்தக் குடும்பத்தின் அழுத்தம் பாதுகாப்பின் மேல், பொறுப்பின் மேல்.

வாட்ச் என்பது விழித்திருத்தலைக் குறிக்கும் "வேக்" என்ற சொல்லோடு பிறந்தது. லத்தீன் "விகில்" அதற்குத் தூரத்து உறவு. லஞ்ச ஒழிப்புத் துறையை நாம் பேச்சுவழக்கில் விஜிலன்ஸ் என்பது இந்த விகிலின் வழியில்தான். ஆக, கார்டு காப்பவர், வாட்ச்மேன் விழித்திருப்பவர், சென்டினல் உணர்ந்து சொல்பவர். ஒரே ஆள் மூன்றாகவும் இருக்கலாம். சொற்கள் மூன்றும் அவரை மூன்று பக்கத்திலிருந்து பார்க்கின்றன.

காவலில் நிற்பவர் தூங்கிவிட்டால் அவ்வளவு பெரிய தண்டனையா?

காவலர் ஒருவர் தூங்கினால் முகாமே குருடாகிவிடும் என்பதால் தண்டனை கொடியதாகவே இருந்து வந்திருக்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமானியப் படையை விவரித்த பொலிபியஸ், இரவுச் சோதனை நடக்கும் முறையைச் சொல்கிறார். காவலர்களின் கையில் அடையாளம் பொறித்த சிறு பலகை இருக்கும். சுற்றி வரும் குதிரைவீரர், விழித்திருப்பவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்வார்; தூங்குபவரைக் கண்டால், கூட வந்தவர்களைச் சாட்சியாக்கிவிட்டு, பலகையைத் தொடாமல் நகர்ந்துவிடுவார். காலையில் பலகைகளை எண்ணும்போது குறை தெரிந்துவிடும். குற்றம் உறுதியானவரைச் சக வீரர்களே தடியாலும் கல்லாலும் அடிப்பார்கள். பெரும்பாலும் அங்கேயே உயிர் போய்விடும்.

அமெரிக்கச் சட்டத்தில் போர்க்காலத்தில் இக்குற்றத்துக்கு இன்றும் மரண தண்டனை வரை இடமுண்டு. 1861-இல் வெர்மான்ட் படைப்பிரிவைச் சேர்ந்த வில்லியம் ஸ்காட் என்ற இளைஞர் காவலில் தூங்கியதற்காகச் சுட்டுக் கொல்லப்பட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதிபர் லிங்கனின் விருப்பப்படி மன்னிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் போர்க்களத்தில் அவர் உயிரிழந்தார்.

பிரெஞ்சில் இது பெண்பாலாமே? பெண்களா காவல் காத்தார்கள்?

இலக்கணப் பால் வேறு, ஆளின் பால் வேறு. பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் இச்சொல் பெண்பால்தான். நின்றவர்களோ நூற்றாண்டுகளாக ஆண்கள். 2015 ஜனவரியில் பாரிஸ் தாக்குதல்களுக்குப் பிறகு பிரெஞ்சு அரசு ஏறத்தாழ 10,000 வீரர்களைத் தெருக்களில் நிறுத்தியபோது, அந்த நடவடிக்கைக்கும் இந்தப் பெண்பால் சொல்லையே பெயராக வைத்தது.

வடக்கு சென்டினல் தீவு மக்கள் யாரையும் விடாமல் காவல் காப்பதால்தானே அந்தப் பெயர்?

அந்தமானைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி இது. பெயர் முதலில் தீவுக்குத்தான் வைக்கப்பட்டது, அதுவும் வெளியாரால். தீவின் பெயரிலிருந்துதான் மக்களைச் "சென்டினலியர்" என்றார்கள். அவர்கள் தங்களை என்ன சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள் என்பது வெளியுலகுக்குத் தெரியாது.

இன்னொரு சான்றும் உண்டு. தெற்கு சென்டினல் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது; அங்கே மனிதர்களே இல்லை. காவல் காக்கும் மக்களால் பெயர் வந்திருந்தால் ஆளில்லாத தீவுக்கு அது ஏன் வந்தது? வடக்குத் தீவு ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிமுறையின் கீழ் அங்கே நெருங்குவது குற்றம். 2018 நவம்பரில் சட்டத்தை மீறிக் கரையேறிய ஓர் அமெரிக்க இளைஞர் அங்கே கொல்லப்பட்டார். அதன் பிறகு பெயருக்கும் நடத்தைக்கும் முடிச்சுப் போடுவது வழக்கமாகிவிட்டது. தற்செயலான பொருத்தத்தை வரலாறாக எழுதாதிருப்பது நல்லது.

மலைக்கும் பத்திரிகைக்கும் ஏன் இந்தப் பெயர்?

தனித்து உயர்ந்து நிற்கும் குன்றையோ தொடரையோ பார்ப்பவருக்கு அது நின்று நோக்குவதுபோலத் தோன்றும். அண்டார்டிகாவின் மிக உயரமான வின்சன் சிகரம் (4,892 மீட்டர்) இருப்பது சென்டினல் தொடரில். 1935-இல் விமானத்தில் பறந்த லிங்கன் எல்ஸ்வொர்த் அதைக் கண்டு அப்பெயரிட்டார்.

பத்திரிகைகள் வைத்துக்கொள்வது வேறு காரணத்துக்காக: உறங்கும் ஊருக்கு முன்கூட்டியே தெரிவிப்பவர் என்ற பெருமை. 1837-இல் தொடங்கிய மில்வாக்கி சென்டினலும், குவாஹாட்டியின் ஆங்கில நாளிதழ் சென்டினலும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

டாக்டர் "சென்டினல் நோட்" எடுத்துப் பார்க்கணும்ங்கிறார். காவலாளியை ஏன் வெட்டி எடுக்கணும்?

இந்தக் கேள்விக்கு நானே ஒருவகையில் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனைத் துண்டறிக்கையை மொழிபெயர்க்கையில் அதைக் "காவலாளி முடிச்சு" என்று எழுதிவிட்டேன். அதைப் படித்த ஒரு பெண்மணி, "அது காவல் இருப்பதால்தானே நோய் பரவாமல் இருக்கிறது, அதையே எடுத்துவிட்டால் என்ன ஆவது?" என்று கேட்டாராம். கேள்வியில் தவறே இல்லை. தவறு என் சொல்லில் இருந்தது.

புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்திலிருந்து வடியும் நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த நீர்) முதன்முதலாகப் போய்ச் சேரும் நிணநீர்க்கணுதான் (அந்த நீரை வடிகட்டும் சிறு முடிச்சு) சென்டினல் நோட். மார்பகப் புற்றுநோயில் அது பெரும்பாலும் அக்குளில் இருக்கும். கட்டியின் அருகே நீலச் சாயத்தையோ மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளையோ செலுத்தி, அது முதலில் எந்தக் கணுவை எட்டுகிறது என்று கண்டறிந்து, அதை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அதில் புற்றணுக்கள் இல்லையென்றால், அடுத்த கணுக்களுக்கும் நோய் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அக்குளில் உள்ள கணுக்களை எல்லாம் அகற்ற வேண்டியதில்லை, பிற்காலத்தில் கை வீங்கும் தொல்லையும் பெரிதும் குறைகிறது. கபனாஸ் என்ற அறுவை மருத்துவர் 1977-இலும், தோல் புற்றுநோய்க்காக டொனால்ட் மார்ட்டன் 1992-இலும் எழுதியவை இம்முறை பரவ வழி செய்தன. கணு இங்கே செய்தி சொல்கிறது, அதனால்தான் சென்டினல். இப்போது நான் "முதல் நிணநீர்க்கணு" என்றே எழுதுகிறேன்.

கோழியைக்கூட சென்டினல் என்கிறார்களே, கேலியா?

கேலியன்று. கொசுவால் பரவும் வைரஸ்களைக் கண்காணிக்கக் கலிபோர்னியா, புளோரிடா போன்ற இடங்களில் கூண்டுக் கோழிகளை வெளியில் வைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். கோழிக்குப் பெரும்பாலும் நோய் வராது. ஆனால் வைரஸ் வந்து போனதற்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் தெரியும். நிலக்கரிச் சுரங்கத்தின் நச்சுக்காற்றுக்கு மனிதருக்கு முன்பே மயங்கி விழுந்த கேனரிக் குருவிகளும் இந்த வேலையைத்தான் செய்தன. பிரிட்டன் அவற்றை 1986-இல்தான் ஓய்வுபெறச் செய்தது.

இந்தியாவின் எச்ஐவி கண்காணிப்பிலும் இச்சொல் உண்டு. நாட்டில் எல்லோரையும் சோதிப்பதற்குப் பதில், தேர்ந்தெடுத்த கர்ப்பிணிப் பரிசோதனை மையங்கள் போன்றவற்றில் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதித்து, தொற்று எத்திசையில் போகிறது என்று அறிவதை "சென்டினல் கண்காணிப்பு" என்கிறார்கள். அந்த மையங்கள் நோயைத் தடுப்பதில்லை, முதலில் அறிகின்றன.

காட்டு விலங்குகள் உண்மையிலேயே முறைவைத்துக் காவல் காக்கின்றனவா? தியாகம்தானே அது?

முறைமாற்றிக் காவல் இருப்பது உண்மை. நம் பக்கத்துக் காட்டுச் சிலம்பன் பறவைகள் கூட்டமாகச் சருகைக் கிளறும்போது, ஒன்று மட்டும் உயரமான கிளையில் அமர்ந்து சுற்றிலும் பார்ப்பதைக் காணலாம். ஆனால் தியாகம் என்பதை ஆப்பிரிக்கக் காலஹாரிப் பாலைவனத்தில் மீர்கட் என்ற கீரி இனச் சிறு விலங்கைப் பற்றி நடந்த ஆய்வு ஐயத்துக்கு உள்ளாக்கியது. டிம் கிளட்டன்-பிராக்கும் குழுவினரும் 1999-இல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, வயிறு நிறைந்த மீர்கட்தான் காவலுக்கு ஏறுகிறது. வளைக்கு அருகில் இருப்பதால் ஆபத்து வந்தால் முதலில் தப்புவதும் பெரும்பாலும் அதுதான். சாப்பிட்டு முடித்தவர் மொட்டை மாடிக்குப் போய்க் காற்று வாங்குவதை ஊர்க் காவல் என்று சொன்னால் எப்படியோ, ஓரளவுக்கு அப்படித்தான்.

புரோகிராமிங்கில் "சென்டினல் வேல்யூ" என்கிறார்கள். அங்கே என்ன காவல்?

இதுதான் வந்த கேள்விகளில் சிக்கலானது. மாணவர்களின் மதிப்பெண்களை ஒவ்வொன்றாகக் கேட்கும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எத்தனை பேர் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே, "முடிந்ததும் -1 கொடுக்கவும்" என்று வைத்துக்கொள்கிறோம். மதிப்பெண் எதுவும் -1 ஆக இருக்க முடியாது என்பதால், அதைக் கண்டதும் நிரல் நின்றுவிடுகிறது. தரவின் விளிம்பில் நின்று "இதற்கு மேல் இல்லை" என்று அறிவிப்பதால் அந்த -1 சென்டினல்.

பட்டியலில் ஒரு பொருளைத் தேடும்போது, தேடுவதையே கடைசி இடத்தில் நட்டுவைப்பதும் இதன் இன்னொரு வகை, எப்படியும் அது கிடைத்துவிடும் என்பதால், ஒவ்வோர் அடியிலும் "பட்டியல் முடிந்ததா?" என்று பார்க்க வேண்டியதில்லை. எச்சரிக்கை ஒன்று: மதிப்பெண்ணுக்குச் சரியான -1, ஊட்டியின் பனிக்கால வெப்பநிலைக்கு ஆகாது. அங்கே -1 உண்மையான அளவாகவே வரக்கூடும். நிரல் பாதியில் நின்றுவிடும். காவலர் ஊர்க்காரரின் உடையில் நின்றால் யார் காவலர் என்று தெரியாது.

ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள் உளவு பார்ப்பவையா?

இல்லை. கோபர்னிகஸ் திட்டத்தின் கீழ் புவியைக் கண்காணிப்பவை அவை. படங்கள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாவதான சென்டினல்-1ஏ, 2014 ஏப்ரல் 3 அன்று ஏவப்பட்டது. ரேடார் என்பதால் மேகத்தையும் இரவையும் மீறி வெள்ளத்தைக் காட்டும். சென்டினல்-2-இன் மிக நுண்ணிய படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர்; ஏரியின் கரை தெரியும், கரையில் நிற்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள்.

எல்லாம் சரி, தமிழில் ஒரே சொல்லாக என்ன எழுதுவது?

ஒரே சொல் போதாது என்பது என் முடிவு. "காவல்" என்பதன் வேர் "கா". காப்பாற்றுதலே அதன் மையம். மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மழையிலும் அம்போடு தெருத்தெருவாகத் திரியும் ஊர்காப்பாளர்கள் கள்வரைத் தேடிப் போகிறவர்கள்; ஓரிடத்தில் நின்று கேட்பவர்கள் அல்லர். கல்வெட்டுகளின் பாடிகாவலும் கிராமத்துத் தலையாரியும் அந்தப் பக்கத்துச் சொற்களே. சென்டினல், நாம் பார்த்தபடி, உணர்தலின் பக்கத்துச் சொல்.

ஆகவே படைவீரர் என்றால் "காவல் வீரர்" என்றும், காவல் நிலையம் என்றால் "பாரா" என்றும், விலங்கு என்றால் "காவல் பறவை", "காவல் மீர்கட்" என்றும் எழுதுகிறேன். நிரலில் "முடிவுக்குறி மதிப்பு" போதும். மருத்துவச் சொல்லுக்கு என்ன எழுதுகிறேன் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். தீவு, செயற்கைக்கோள், நாளிதழ் ஆகியவற்றின் பெயர்களை மட்டும் மொழிபெயர்ப்பதில்லை; "வடக்குக் காவலர் தீவு" என்று ஒருமுறை அச்சேறிய செய்தியைப் படித்துவிட்டு, அங்கே காவலர் குடியிருப்பு கட்டியிருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.